கேம் சென்டரில் பள்ளிப் பிள்ளைகள்: பெட்டி மேல் இருக்கும் 16, 18-ஐ எப்படி அமல்படுத்துவது?

காவிரி_கன்ட்ரோலர் (கும்பகோணம்)

வணக்கம். கும்பகோணத்தில் ட்யூஷன் சென்டர்கள் வரிசையாக இருக்கும் தெருவில் கேம் சென்டர். 4 பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), 2 பிஎஸ்4, 6 பிசி, மணிக்கணக்கில் வாடகை. சாயங்காலக் கூட்டத்தில் பாதிக்கு மேல் ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் பிள்ளைகள். அவர்கள் கேட்பது ஜிடிஏ 5, மார்ட்டல் காம்பாட், பிசியில் கவுண்டர் ஸ்ட்ரைக். பெற்றோர் கேட்பது "இதுக்கெல்லாம் சென்சார் கிடையாதா?"

தெரிய வேண்டியவை: சினிமாவுக்கு 'ஏ' மாதிரி கேமுக்குச் சட்டப்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் கடைக்காரர் பொறுப்பு என்ன? அடுத்து, டிஸ்க்குகளில் ஒன்றில் 18, இன்னொன்றில் எம், மற்றொன்றில் எம்18, ஒன்றில் இசட் என்று இருக்கிறது. எதை எதோடு ஒப்பிடுவது? கல்லாவில் இருக்கும் பையன் டீ குடிக்கப் போன நேரத்தில் சின்னப் பிள்ளை 18 கேமைத் திறக்காமல் பூட்ட வழி என்ன? கடைசியாக, ரத்தத்தை மட்டும் அணைத்துவிட்டுக் கொடுத்தால் போதுமா?

கட்டணத்தைக் குறைக்காமல், வருகிற பிள்ளைகளை விரட்டாமல் செய்ய வேண்டும். மே மாத லீவுதான் வருஷ வருமானமே.

வெண்ணாறு_வக்கீல் (தஞ்சாவூர்)

முதல் கேள்விக்கு மட்டும் பதில்.

வீடியோ கேமுக்கு வயதுச் சான்றிதழ் கொடுக்கும் அரசு அமைப்பு இந்தியாவில் கிடையாது. தணிக்கை வாரியத்தின் வேலை 1952-ஆம் வருடத்துச் சட்டப்படி திரைப்படத்தோடு முடிகிறது. 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்தது. ஓடிடி தளங்களுக்கும் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளில் ஏறக்குறைய அதே படிநிலை. கேம் இந்த இரண்டு பட்டியலிலும் இல்லை. ஆகவே டிஸ்க் மேல் இருக்கும் 18 என்பது இங்கே சட்டமல்ல, தகவல். 16 வயதுப் பையனுக்கு ஜிடிஏ போட்டுக் கொடுத்தார் என்பதற்காக மட்டும் வழக்குப் போடும் பிரிவு எதுவும் இல்லை.

"பப்ஜியைத் தடை செய்தார்களே" என்று பெற்றோர் கேட்பார்கள். 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி பப்ஜி மொபைல் தடையானது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ். காரணம் நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனர் தரவு. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் போனதும் அதே கணக்கில்தான். வன்முறைக்காக இல்லை. தமிழ்நாட்டின் 2022 ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், அதன் கீழ் 2025-இல் வந்த நள்ளிரவு முதல் காலை 5 மணி வரைத் தடை, ஆதார் சரிபார்ப்பு எல்லாம் பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறாவுக்கு. 2025-இல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டமும் பணப் பந்தய விளையாட்டையே குறிவைக்கிறது. உங்கள் மணி வாடகை பந்தயப் பணம் ஆகாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் என்று ஆளுக்கு இவ்வளவு வசூலித்து, அந்தப் பணத்தையே ஜெயித்தவருக்குக் கொடுப்பது வேறு கதை. அதைச் செய்யாதீர்கள்.

உங்களை உண்மையில் பிடிக்கக்கூடியது யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: 2011-ஆம் ஆண்டு சைபர் கஃபே விதிகள். பொதுமக்களுக்குத் தொழிலாக இணைய இணைப்புக் கொடுக்கும் எந்த இடமும் அதில் சைபர் கஃபே. ஆறு பிசியிலும் நெட் இருந்தால் "நான் கேம் சென்டர்தான்" என்ற வாதம் நிற்காது. அதன்படி:

கடை பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். வருகிறவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயர், முகவரி, எந்தக் கணினி, உள்ளே வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பதிவேட்டைக் குறைந்தது 1 வருடம் வைத்திருக்க வேண்டும். புகைப்பட அடையாள அட்டை இல்லாத 18 வயதுக்குட்பட்டவர், அட்டை வைத்திருக்கும் பெரியவர் துணையோடுதான் உட்காரலாம். தடுப்பு வைத்தால் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் போகக்கூடாது. தடுப்பு இல்லாத கணினியின் திரை வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தடுப்புக்குள் இருக்கும் கணினியில் பெற்றோரோ பாதுகாவலரோ இல்லாமல் சிறுவரை உட்கார வைக்கவே கூடாது.

கேம் சென்டர்களில் 'கேபின்' போட்டு ஏசி வைப்பது இப்போது நாகரிகம். சிறுவர்கள் வரும் கடையில் அந்தக் கேபின்தான் முதல் விதிமீறல்.

வன்முறைக்குத் தனிச் சட்டம் இல்லை என்றேன். ஆபாசத்துக்கு உண்டு: பாரதிய நியாய சன்ஹிதா 294, 295. இரண்டாவது, 18 வயதுக்குட்பட்டவருக்கு ஆபாசப் பொருளை விற்பது, வாடகைக்குக் கொடுப்பது, காட்டுவது பற்றியது. ஜிடிஏ 5-இல் சண்டைக் காட்சியைவிட அந்த நடன விடுதிக் காட்சிதான் சட்டத்தின் கண்ணில் உங்களுக்கு ஆபத்து. இன்னொரு பழைய சட்டமும் இருக்கிறது, 1956-ஆம் ஆண்டு இளையோருக்குத் தீங்கு விளைவிக்கும் வெளியீடுகள் பற்றியது. குற்றத்தையும் வன்முறையையும் கொடூரத்தையும் காட்டும் படக்கதைகளை 20 வயதுக்குட்பட்டவருக்கு விற்பதைத் தடுக்க வந்தது. புத்தகம், இதழ், துண்டுப்பிரசுரம், செய்தித்தாள், அது போன்ற பிற என்று அதன் வாசகம் போகிறது. கேமைப் பெயர் சொல்லவில்லை, காமிக்ஸ் காலத்துச் சட்டம்.

மன்னை_டிஸ்க் (மன்னார்குடி)

அண்ணே, டிஸ்க் குறி பத்தி நான் சொல்றேன். நம்ம பக்கம் குழப்பம் அதிகம், ஏன்னா பாதி டிஸ்க் கடையில வாங்கினது இல்ல. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் துபாய், சவூதியிலேருந்து பெட்டியில வரும். சிங்கப்பூர்லேருந்து வர்றது தனி.

வெறும் எண் 3, 7, 12, 16, 18 கட்டத்துக்குள்ள இருந்து, பக்கத்துல பெகின்னு போட்டிருந்தா ஐரோப்பாவோடது, 2003-லேருந்து இருக்கு. ஆங்கில எழுத்து இ, டி, எம்னு இருந்தா அமெரிக்க இ.எஸ்.ஆர்.பி., 1994. டி-ன்னா 13+, எம்-ன்னா 17+. சிங்கப்பூர் டிஸ்க்குல ஏடிவி16, எம்18 ரெண்டுதான் பாக்கணும். முதலாவது ஆலோசனை, ரெண்டாவது அங்க 18 ஆகாதவனுக்கு விக்கவே கூடாது. ஜப்பான் செரோ ஏ, பி, சி, டி, இசட். டி-க்கு 17, இசட்டுக்கு 18. வளைகுடா டிஸ்க்குல பெகி மாதிரியே 3, 7, 12, 16, 18 இருக்கும், ஆனா அரபி எழுத்தோட அவங்க நாட்டு முத்திரை.

எல்லாரும் தப்பு பண்றது எங்கன்னா, டி-யையும் பெகி 12-ஐயும் ஒண்ணுன்னு நெனைக்கிறது. மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் அமெரிக்காவுல டி, ஐரோப்பாவுல 16. டெக்கன் 8-ம் அப்படித்தான். டபிள்யூடபிள்யூஈ 2கே-வும் அப்படித்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 மட்டும் டி-க்கு 12-ன்னு பொருந்தி வரும். வேலரன்ட் டி, பெகி 16. காரணம் என்னன்னா பெகியில மனுஷன் மாதிரி இருக்கற உருவத்து மேல நெஜ வாழ்க்கையில மாதிரி அடி விழுந்தா 16. கொடூரமான கொலை, காரணமில்லாத கொலை, எதிர்த்து நிக்க முடியாதவன் மேல வன்முறைன்னா 18. அமெரிக்கக்காரன் ரத்த அளவை, உறுப்புத் துண்டாகறதைத்தான் ரொம்பப் பாக்கறான்.

கடையில ஒரே அளவுகோல் வேணும்னா பெகியை வச்சுக்குங்க. டிஸ்க்குல வேற குறி இருந்தாலும் அந்த கேம் பேரைப் பெகி தளத்துல தேடினா எண் கிடைக்கும். அதைச் சின்ன ஸ்டிக்கர்ல எழுதி டிஸ்க் பெட்டி முதுகுல ஒட்டுங்க. எண்ணுக்குக் கீழ இருக்கற படங்களையும் பாக்கணும். முஷ்டி படம் வன்முறை, சிலந்தி பயம், பகடை சூதாட்டம், கையும் கார்டும் கேமுக்குள்ள காசு செலவு. ரெண்டு கேம் 16-ன்னா ரெண்டும் ஒண்ணு இல்ல. ஒண்ணு முஷ்டிக்காக 16, இன்னொண்ணு கெட்ட வார்த்தைக்காக 16-ஆ இருக்கும்.

எண்ணை யாரு போடறாங்கன்னும் தெரிஞ்சுக்குங்க. பெகியில கம்பெனி கேள்வித்தாள் நிரப்பும், அப்பறம் ஆளுங்க சரிபார்ப்பாங்க. நெதர்லாந்து அமைப்பு ஒண்ணும் இங்கிலாந்து அமைப்பு ஒண்ணும் அந்த வேலையைப் பிரிச்சுக்குது. பிளே ஸ்டோர்ல 2015-லேருந்து ஐ.ஏ.ஆர்.சி. முறை. டெவலப்பர் கேள்விக்குப் பதில் சொன்ன உடனே எண் தானா வந்துடும். அதனால பிளே ஸ்டோர் எண்ணைக் கண்ணை மூடி நம்பக்கூடாது, பேர் தெரியாத கம்பெனின்னா சுத்தமா கூடாது.

டிஸ்க் வெளிநாட்டுதுன்னா இன்னொரு தொல்லை. அதுக்கான டிஎல்சி-ய (கேமோட கூடுதல் பகுதி) இந்திய அக்கவுண்ட்ல வாங்கினா சேராது. டிஸ்க் எந்த ஊரோ அந்த ஊர் ஸ்டோர்லதான் வாங்கணும்.

மாயூரம்_சிஸ்டம்ஸ் (மயிலாடுதுறை)

பூட்டு விஷயம். பிஎஸ்5-இல் இரண்டு தனித்தனிப் பூட்டு இருக்கிறது, பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

ஒன்று, மெஷினுக்கு. செட்டிங்ஸில் ஃபேமிலி அண்ட் பேரண்டல் கன்ட்ரோல்ஸ், அதில் பிஎஸ்5 கன்சோல் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ். பாஸ்கோடு கேட்கும். கம்பெனியிலிருந்து வரும்போது 0000. இதை மாற்றாமல் விட்டால் மற்ற எல்லாம் வீண், யூடியூபில் எந்தப் பையனும் பார்த்துவிடுவான். மாற்றிய பிறகு அதே பக்கத்தில் யூசர் கிரியேஷன் அண்ட் கெஸ்ட் லாகின் என்பதைத் தடை செய்யுங்கள். இல்லாவிட்டால் கெஸ்ட்டாக நுழைந்து எல்லாவற்றையும் திறக்கலாம். புது பாஸ்கோடை எழுதி வீட்டில் வையுங்கள். மறந்தால் மெஷினை முழுக்க அழித்து நிறுவுவதைத் தவிர வழியில்லை. பிஎஸ்4-இலும் இதே கதை, இதே 0000.

இரண்டு, அக்கவுண்டுக்கு. முதலாளி அக்கவுண்ட் ஃபேமிலி மேனேஜர். அதன் கீழ் சைல்டு அக்கவுண்ட் இரண்டு: '12', '16' என்று பெயர் வையுங்கள். பிறந்த தேதி கொடுக்கும்போது கவனம், பிறகு இஷ்டப்படி மாற்ற முடியாது. 18 தாண்டும் தேதி போட்டால் அது பெரியவர் அக்கவுண்ட் ஆகிவிடும், பெரியவர் அக்கவுண்டுக்குப் பேரண்டல் கன்ட்ரோல் வேலை செய்யாது. ஒவ்வொன்றிலும் கேமுக்கான வயது அளவு, செலவு வரம்பு பூஜ்யம், கம்யூனிகேஷன் தடை. கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். டிஸ்க் மேல் இருக்கும் எண் ஆன்லைனில் முகம் தெரியாதவன் மைக்கில் பேசும் பேச்சுக்குப் பொருந்தாது. பெகி 3 ஃபுட்பால் கேமில் கேட்கும் வசவு சில 18 கேமில்கூட இருக்காது.

பெரியவர் அக்கவுண்டுக்கு லாகின் பாஸ்கோடு போட மறக்காதீர்கள். கன்ட்ரோலரில் பிஎஸ் பட்டனை அழுத்தி யூசரை மாற்றினாலே சைல்டு அக்கவுண்டின் தடை எல்லாம் போய்விடும். இதைத்தான் பையன்கள் முதலில் முயற்சி செய்வார்கள்.

டிஜிட்டலாக வாங்கிய கேம் சைல்டு அக்கவுண்டிலும் திறக்க, வாங்கிய அக்கவுண்டில் கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே-யை இயக்கி வைக்க வேண்டும். ஒரு அக்கவுண்டுக்கு அதை ஒரு பிஎஸ்5-இல் மட்டும்தான் இயக்க முடியும். நாலு மெஷினுக்கு ஒரே அக்கவுண்டை ஓட்டப் பார்த்தால் பூட்டுச் சின்னம்தான் வரும். டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை. நேர வரம்பும் அங்கேயே வைக்கலாம். முடிந்ததும் அறிவிப்பு மட்டும் என்பதைத் தேர்ந்தால் பையன் ஆடிக்கொண்டே இருப்பான், லாக் அவுட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டைம் ஜோன் சரியாக இல்லாவிட்டால் கணக்கு நடுவில் மாறும்.

இவை வீட்டுக்காகச் செய்த வசதிகள், கடைக்கு வளைத்துப் பயன்படுத்துகிறோம். பிஎஸ் டிஸ்க்கின் உரிமமே தனிப்பட்ட உபயோகத்துக்குத்தான். பிசியில் ஸ்டீமுக்குக் கடைகளுக்கென்றே பிசி கஃபே திட்டம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பியுங்கள்.

பிசி பூட்டு இன்னும் சுலபம். விண்டோஸில் மாணவர், பெரியவர் என்று இரண்டு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், அட்மின் உங்களிடம் மட்டும். 18 கேம் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட், மாணவர் யூசரைச் சேர்த்து ரீட் அண்ட் எக்ஸிக்யூட்டுக்கு டினை. செக்யூரிட்டி என்ற டேபே காணவில்லை என்றால் அந்த டிரைவ் எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மேட்டில் இருக்கிறது. என்டிஎஃப்எஸ்ஸாக மாற்றினால்தான் வரும். டினை போட்ட பிறகு மாணவர் அக்கவுண்டில் ஸ்டீம் அப்டேட் செய்யப் பார்த்து டிஸ்க் எரர் கொடுக்கும். பயப்பட வேண்டாம், அப்டேட்டைக் காலையில் பெரியவர் அக்கவுண்டிலிருந்து ஓட்டுங்கள்.

பென் டிரைவில் கேம் கொண்டுவந்து ஓட்டுவதை இது தடுக்காது. அதற்கு ரெஜிஸ்ட்ரியில் யுஎஸ்பிஸ்டோர் சர்வீஸின் ஸ்டார்ட் மதிப்பை 3-லிருந்து 4 ஆக்குங்கள். கீபோர்டு, மவுஸ் பாதிக்காது. வேகமான எஸ்எஸ்டி சிலவற்றுக்கு யுஏஎஸ்பிஸ்டோர் என்று தனி சர்வீஸ், அதையும் மாற்ற வேண்டும்.

காவிரி_கன்ட்ரோலர் (கும்பகோணம்)

எல்லோருக்கும் நன்றி. கேபின் இரண்டு இருக்கிறது, தடுப்பு ஆறடி. அதை இறக்கிவிடுகிறேன். பிஎஸ்5 நாலிலும் 0000-தான்.

ஒரு துணைக் கேள்வி: பிள்ளைகள் கடை வைஃபையில் சொந்த போனிலும் ஆடுகிறார்கள், பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு), ஃப்ரீ ஃபயர் மேக்ஸ். பெற்றோருக்கு என்ன சொல்வது?

ஓடம்போக்கி_டீச்சர் (திருவாரூர்)

சார், வைஃபை பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். வெண்ணாறு சார் சொன்ன விதிகளில் உங்கள் இணைப்பில் நடப்பதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பெற்றோருக்குச் சொல்ல: பிளே ஸ்டோரில் புரொஃபைல் படத்தைத் தொட்டு செட்டிங்ஸ், ஃபேமிலி, பேரண்டல் கன்ட்ரோல்ஸ். பின் நம்பர் போட்டு, ஆப்ஸ் அண்ட் கேம்ஸில் 3+, 7+, 12+, 16+ இவற்றில் ஒன்றைத் தேர்ந்து சேமிக்க வேண்டும். இதில் மூன்று ஓட்டை. முன்பே இறக்கிய கேமை இது நிறுத்தாது, அதை நீக்கிவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ஏபிகே ஃபைலாக வாட்ஸ்அப்பில் வந்தால் இது கண்டுகொள்ளாது. போனின் ஆப்ஸ் பட்டியலில் பிளே ஸ்டோரைத் தேர்ந்து கிளியர் டேட்டா கொடுத்தால் அந்தப் பின் நம்பரே அழிந்துவிடும், எட்டாவது படிக்கும் பையனுக்கு இது தெரியும். மூன்றையும் அடைக்க கூகுளின் ஃபேமிலி லிங்க் ஆப் வேண்டும். அதில் டவுன்லோடுக்கு அப்பா அம்மா போனில் அனுமதி கேட்கும், ஆப் வாரியாக நிமிடம் வைக்கலாம், தெரியாத இடத்திலிருந்து ஆப் ஏற்றுவதையும் அணைக்கலாம். ஆனால் போன் பிள்ளையின் கூகுள் அக்கவுண்டில் இருக்க வேண்டும். இங்கே பெரும்பாலும் அம்மா போனில் அம்மா அக்கவுண்டிலேயே பிள்ளை ஆடுகிறது. அங்கே ஃபேமிலி லிங்க் போட இடமில்லை.

பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தபோதே 18 வயதுக்குட்பட்டவருக்கு நாளுக்கு 3 மணி நேரம், பெற்றோர் போனுக்கு ஓடிபி, ஒரு நாள் செலவு 7000 ரூபாய் என்று வரம்பு வைத்தார்கள். 7000 என்பது எந்த வீட்டுக் கணக்கோ தெரியவில்லை. 2022 ஜூலையில் ஸ்டோரிலிருந்து நீங்கி 2023 மே மாதம் திரும்பியபோதும் சிறுவருக்கு 3 மணி நேரம் தொடர்ந்தது. ஆனால் வயதைச் சொல்வது ஆடுகிறவனே. "18-க்கு மேல்" என்று அழுத்திவிட்டால் அந்தக் கதவு திறந்துவிடும்.

பெற்றோரிடம் "கேம் ஆடினால் கொலைகாரன் ஆவான்" என்று நாமும் சேர்ந்து பேச வேண்டாம். அமெரிக்க உளவியல் சங்கம் 2020-இல் சொன்னது, வன்முறைச் சம்பவத்துக்குக் கேமைக் காரணம் காட்டுவது அறிவியல்படி சரியில்லை என்று. வெடுக்கென்று கோபப்படுவது போன்ற சின்ன அளவுத் தொடர்பை அவர்கள் மறுக்கவில்லை. வகுப்பில் தெரியும் பிரச்சினை தூக்கம். இரவு பன்னிரண்டு வரை ஸ்குவாடு ஆடிவிட்டு முதல் பீரியடில் மேசையில் தலை சாய்க்கிறது.

அரசலாறு_அநாமதேயம்

ரத்தத்தை அணைப்பது பற்றி யாரும் சொல்லவில்லை.

எல்லா கேமிலும் அந்த வசதி கிடையாது. கால் ஆஃப் டூட்டி பிளாக் ஆப்ஸ் 2010-லேயே ஆரம்பத்தில் கேட்கும். கியர்ஸ் வரிசையிலும் உண்டு. ஜிடிஏ 5-இல் இல்லை. மார்ட்டல் காம்பாட் 11-இலும் இல்லை, அதில் கொலைக் காட்சிதான் சரக்கே. பிஜிஎம்ஐ-யில் ரத்தம் பச்சை. சீனாவில் 2019-இல் வந்த பப்ஜியின் உள்நாட்டுப் பதிப்பில் சுடப்பட்டவன் விழாமல் உட்கார்ந்து கையசைத்து டாட்டா சொல்லிவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போவான். சுடுவது அப்படியே இருக்கிறது. 1992 மார்ட்டல் காம்பாட் நின்டெண்டோ மெஷினுக்கு வந்தபோது ரத்தத்தை வியர்வை ஆக்கினார்கள், சேகா மெஷினில் ஏ, பி, ஏ, சி, ஏ, பி, பி என்று அழுத்தினால் ரத்தம் வந்தது. அந்தக் கூத்தில்தான் 1993-இல் அமெரிக்க செனட் விசாரணையும், அடுத்த வருடம் மன்னை சொன்ன எம், டி எல்லாமும் பிறந்தன.

ரத்தத்தை அணைத்தாலும் டிஸ்க்கின் எண் குறையாது. மதிப்பீடு மொத்த கேமுக்கும் போட்டது. மொழி, பாலியல் காட்சி, சூதாட்டம் எதையும் அந்த பட்டன் தொடுவதில்லை. எனவே அணைப்பதை 16 வயதுக்காரருக்கான கூடுதல் வசதியாக வையுங்கள், 18 கேமை 12-க்கு இறக்கும் குறுக்கு வழியாக வேண்டாம்.

பதிப்பு மாறுவதையும் பாருங்கள். ஜப்பானில் ரெசிடென்ட் ஈவில் 7-க்கு டி ஒன்று, இசட் ஒன்று என இரண்டு பதிப்பு. உறவினர் கொண்டுவந்த டிஸ்க்கில் காட்சி குறைவு என்றால் அது பழுதல்ல. ஆஸ்திரேலியாவில் 2013 வரை கேமுக்கு 18 என்ற வகையே கிடையாது, 2009-இல் லெஃப்ட் 4 டெட் 2-ஐ வெட்டித்தான் விட்டார்கள். நம் ஊரில் 2008-இல் ஃபால்அவுட் 3-ஐ மைக்ரோசாஃப்ட் தானே வெளியிடாமல் விட்டது, கலாசார உணர்வு என்று சொல்லி. கேமுக்குத் தணிக்கை வாரியம் இல்லாத நாட்டில் தணிக்கை இப்படிக் கம்பெனி அறையில் நடந்துவிடும். எழுதி வைத்த விதி இருந்தால் குறைந்தபட்சம் மேல்முறையீடாவது செய்யலாம். வக்கீல் சார் இதற்கு என்ன சொல்கிறார்?

வெண்ணாறு_வக்கீல் (தஞ்சாவூர்)

சட்டம் வந்தால் மேல்முறையீடும் வரும், லைசென்ஸ் கட்டணமும் வரும். அமெரிக்காவில் சிறுவருக்கு வன்முறை கேம் விற்பதைத் தடுத்த கலிபோர்னியா சட்டத்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று ரத்து செய்தது. அங்கே கடைகள் எம் கேமைச் சிறுவருக்குக் கொடுக்காமல் இருப்பது சட்டத்துக்குப் பயந்து அல்ல, கடைகளே வைத்துக்கொண்ட விதி. கும்பகோணத்திலும் இப்போதைக்கு அதுதான் நிலைமை. விதியை எழுதிச் சுவரில் மாட்டினால் பெற்றோரிடமும் போலீஸிடமும் காட்டலாம்.

மன்னை_டிஸ்க் (மன்னார்குடி)

அண்ணே, சுவர்ல மாட்டறதுக்கு: "12 வயதுக்குக் கீழ் பெகி 3, 7 மட்டும். 12 முதல் 15 வரை பெகி 12 வரை. 16, 17 வயதுக்குப் பெகி 16 வரை. பெகி 18 கேம் 18 வயது நிரம்பியவருக்கு மட்டும், அடையாள அட்டை காட்ட வேண்டும்." இவ்வளவு போதும். பள்ளி அடையாள அட்டையில பொறந்த தேதி இல்லாத பள்ளிக்கூடமும் இருக்கு, அதுக்கு வகுப்பைப் பாருங்க. பத்தாவதுக்குக் கீழன்னா 16 கிடையாதுன்னு வச்சா தகராறு குறையும்.

சின்னப் புள்ளைங்களுக்குக் குடுக்க கேம் இல்லாமதான் ஜிடிஏ கேக்குது. ஃபுட்பால் எஃப்சி, கிரான் டுரிஸ்மோ 7, ராக்கெட் லீக், கிரிக்கெட் 24 எல்லாம் 3. மைன்கிராஃப்ட், ஆஸ்ட்ரோ பாட் 7. ரெண்டு பேர் சேந்து ஆட இட் டேக்ஸ் டூ, ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ரெண்டும் 12. சண்டை வேணும்னு அடம் புடிக்கறவனுக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 போட்டு ரெண்டு கன்ட்ரோலர் குடுங்க, மார்ட்டல் காம்பாட்டை மறந்துடுவான். டிஸ்க்கை அலமாரியில வயசு வாரியா மூணு தட்டுல அடுக்குங்க, 18 தட்டு கல்லாவுக்குப் பின்னாடி. ஜிடிஏ-வைப் பிஎஸ்5 நாலுலயும் ஏத்தாதீங்க. தெருவைப் பாத்த மெஷின் ஒண்ணுல மட்டும் வைங்க, ராத்திரி எட்டுக்கு மேல காலேஜ் பசங்க வர்ற நேரத்துக்கு.